குலுக்கலுக்குக் காரணம்

என் கணவருக்குத் துபாயில் வேலை. ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர்களுக்குச் சக்கரம் மாற்றுவார். பூங்கா திறப்பதற்கு முன் தண்டவாளத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பார். தென்காசியில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. ராட்டினத்துக்கு எண்ணெய் போடுகிற வேலையா என்று கேட்பார்கள். அதனால் கேட்டவர்களிடமெல்லாம் மெக்கானிக் என்று சொல்லி முடித்துவிடுவேன்.

இந்த வருஷம் சாரல் ஆரம்பித்ததும் லீவில் வந்தார். அடுத்த தடவை வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். வந்து இறங்கிய மறுநாளே, இன்னும் ஒரு கான்ட்ராக்ட் போட்டிருக்கிறேன், மகள் காலேஜ் முடிக்கட்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரோடு குடும்பம் நடத்தியதைவிட போனோடு நடத்தியதுதான் அதிகம். நன்றாகச் சண்டை போட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. பதிலுக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

போதாக்குறைக்கு, ஊரில் அவருக்கு எதுவுமே சரியாக இல்லை. மெத்தை பள்ளம் விழுந்துவிட்டதாம், தரையில் பாய் விரித்துப் படுத்தார். பைக்கில் ஷாக் அப்சார்பர் போய்விட்டதாம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரச் சொன்னால், அந்த ரோட்டில் மனுஷன் போவானா என்றார். டவுன் பஸ்ஸில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார், சீட்டு சரியில்லை என்று. துரைக்கு நம் ஊர் கசந்துவிட்டது, அதனால்தான் திரும்பிப் போகத் துடிக்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

சீசனுக்குக் குற்றாலம் போகிற வழியில் பொருட்காட்சி போடுவார்கள். அதில் முன்னால் டிராகன் தலை வைத்த ஒரு சின்ன ரோலர் கோஸ்டர் வரும். நானும் மகளும் அதில் ஏறாமல் எந்த சீசனையும் விட்டதில்லை. இந்தத் தடவை அவரையும் இழுத்துக்கொண்டு போனோம். உள்ளே போனதும் மற்றவர்கள் டிராகனின் தலையைப் பார்க்க, இவர் குனியாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அதன் காலைப் பார்த்தார். ஈர மண்ணில் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் இரும்புத் தூண்களை நிறுத்தியிருந்தார்கள்.

"இதுலயா வருஷா வருஷம் ஏறுதீங்க?" என்றார்.

"ஏன் வாப்பா, விழுந்துருமா?" என்றாள் மகள்.

"விழாது. குலுக்கும்."

பிறகு அவராகவே விளக்க ஆரம்பித்தார். சக்கரம் தண்டவாளத்துக்கு மேலே மட்டும் இருக்காது, பக்கவாட்டிலும் அடியிலும் இருந்து அதைக் கவ்விப் பிடித்திருக்குமாம். புதிய வண்டிகளில் ஸ்பிரிங் வைத்து, ரப்பர் மாதிரியான பூச்சுள்ள சக்கரங்களைத் தண்டவாளத்தோடு ஒட்டியே அழுத்தி வைப்பார்களாம். பழசில் இடைவெளி விட்டிருப்பார்கள். ஓட ஓடத் தேய்ந்து அது இன்னும் பெரிதாகும். என் கையைப் பிடித்து வளையலை ஆட்டிக் காட்டினார். "தொளதொளன்னு கெடக்கா? கைய வீசுனா இது அங்கயும் இங்கயும் இடிக்கும்லா. இறுக்கமா இருந்தா கையோடயே போவும். அம்புட்டுதான்."

"வளைவுல தூக்கிப் போடுதே, அது?" என்றேன். சண்டைக்காரியாக இருந்தாலும் கேட்கத் தோன்றியது.

"அது தண்டவாளத்த வளைச்ச விதம். செங்கோட்டை மலைப்பாதையில நல்ல டிரைவரு திருப்பம் வர்றதுக்கு முன்னயே கொஞ்சம் கொஞ்சமா ஸ்டியரிங்க ஒடிப்பான். கத்துக்குட்டி நேரா வந்து வெடுக்குன்னு திருப்புவான். பழைய டிசைன் ரெண்டாவது ஆளு மாதிரி. இப்பம் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, திருப்பத்துக்கு முன்னயே பாதைய மெதுவாச் சாய்ச்சுக் கொண்டுபோறான். இது போதாதுன்னு இத ஊரு ஊராக் கழட்டி மாட்டுதாங்க. ஜாயிண்டு எப்படிச் சேரும்?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. முகமே வேறு மாதிரி இருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரும்பைப் பற்றிப் பேச இத்தனை வார்த்தை இருக்கிறது, என்னிடம் பேச ஒன்றும் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கன நிக்கேன்," என்றார்.

"துபாய்க்காரருக்கு நம்மூரு வண்டி ஆகாதோ?" என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். வந்து ஏறிக்கொண்டார்.

மகள் முன்னால், நாங்கள் கடைசிப் பெட்டியில். சாரலில் நனைந்த கம்பி ஜில்லென்று இருந்தது. முதல் வளைவில் என் தோள் பக்கத்துத் தகட்டில் இடித்தது. இரண்டாவது வளைவில் வண்டி ஒரு உதறு உதறியதும் இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கள் மகளைப் பெற்றபோது என்னிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததாக உம்மா சொல்லியிருக்கிறாள்.

வண்டி நின்றது. மகள் இன்னொரு தடவை என்று டிக்கெட் வாங்க ஓடினாள். இவர் எழுந்திருக்கவில்லை. முதலில் கால்களை வெளியே திருப்பி வைத்து, இரண்டு கையாலும் கம்பியை ஊன்றித் தன்னைத்தானே தூக்கிக்கொண்டார். டெல்லி அப்பளக் கடைக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிவரை நடந்துபோய் உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை.

"பாத்தியா, சொன்னேன்லா?" என்றார். "ரெண்டாவது வளைவுல ஜாயிண்டு சேரல. சக்கரமும் போயிட்டு. எவனையும் ஒடிச்சுப் போட்டுரும்."

நானும் அதே பெட்டியில்தான் இருந்தேன். தோளில் லேசாக வலி, அவ்வளவுதான். எங்களுக்கு முன்பெட்டியில் வந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். இவர் இன்னும் சக்கரத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: மெத்தை, பைக், ரோடு, பஸ் சீட்டு, இப்போது இது. இந்த மனுஷன் தன்னைத் தவிர எல்லாவற்றையும் குறை சொல்லியிருக்கிறார்.

"மச்சான், எத்தன நாளா வலிக்கி?" என்றேன்.

"எது?"

"முதுகு."

தரையைப் பார்த்தார். "ரெண்டு வருஷமிருக்கும்."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"வெளிய ஒருத்தர்ட்ட காட்டுனேன். டிஸ்க்குன்னாரு. குனிஞ்சு கனம் தூக்கக் கூடாதாம். என் சோலியே அதாம்ட்டி. கம்பெனி டாக்டருக்குத் தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு எழுதி ஊருக்கு அனுப்பிருவான். அந்தப் பயத்துல யார்ட்டயும் சொல்லல. ஒன்ட்டயும் சொல்லல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"ஊருக்கு அனுப்பிருவான்னு பயந்தீங்களாக்கும்," என்றேன். "எப்படியாவது இவர ஊருக்கு அனுப்பி வையின்னுதான் நான் அஞ்சு வேளையும் துவா கேக்கேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன்.