பல் டாக்டரிடம் துணைக்குப் போனவன்

நாற்பத்து மூன்று வயதில், என் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், பக்கத்து நாற்காலிக்காரரைக் காட்டி, "இவருக்குத்தான் பல்வலி, நான் துணைக்கு வந்தவன்" என்று சொன்னேன். அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். மில்லர்புரத்தில் ஒற்றை அறை. அதில் நானும் புத்தகங்களும். மூன்று வாரம் கிராம்புத் தைலப் பஞ்சைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கப்பல் காகிதங்களைத் தட்டச்சு செய்தேன். இடையில், புத்திசாலித்தனமாக, நூலகத்திலிருந்து பல்லைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். கடைவாய்ப் பல்லின் வேரைப் பக்க அகலத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். படிக்காதவர்கள் பாக்கியவான்கள்.

ஒருவழியாகப் போய் உட்கார்ந்தால், கம்பவுண்டர் வந்து, "கூட யாரு வந்திருக்கா?" என்றார். தனியாக வந்த ஒருவர் எப்போதோ மயங்கி விழுந்தாராம். அதிலிருந்து துணை இல்லாமல் ஊசி போடுவதில்லையாம். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். மானேஜர், வீட்டுக்காரர், நூலகத்தில் சீட்டு கிழிப்பவர். அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. யாருமில்லை என்று வாய்விட்டுச் சொல்வதற்குப் பல் பிடுங்குவதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் பொய் வந்தது.

அந்த மனிதர் அகன்ற மார்பும் துண்டால் கட்டிய தாடையுமாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கம்பவுண்டரிடம், "ஆமா, மச்சான்தான்" என்றார்.

கம்பவுண்டர் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்தார். "நானும் ஒத்தையிலதான் வந்தேன் அண்ணாச்சி. நேத்து திருப்பி அனுப்பிட்டாரு."

"அதுக்கு மச்சான்னு ஏன் சொன்னிய?"

"நான் சங்கு குளிக்கவன். தண்ணிக்குள்ள போவையில மேல கயித்த மச்சான் கையிலதான் குடுப்போம். கூடப்பிறந்தவன நம்ப மாட்டோம். அக்கா தாலிய நெனச்சு மச்சான்தான் பதறி இழுப்பான். என் மச்சான் கப்பல்ல போயிட்டான்." துண்டைச் சரிசெய்துகொண்டார். "எட்டுப் பாகம், அம்பதடி ஆழத்துல முங்குதேன். இந்த நாற்காலியக் கண்டா காலு உதறுது."

உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். குறடு வாய்க்குள் போனதும் கண்ணை மூடியவன் நான்தான். அவர் ஒரு முனகல்கூட முனகவில்லை. என் ஆறுதல்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வாயில் பஞ்சோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். "அடுத்து யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. துணைக்கு வந்தவனுக்கு அங்கே என்ன வேலை? பல்லோடு நடந்தேன்.

மாலையில் அறையில் உட்கார்ந்து என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் கையைக் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஞாபகசக்தியைக் குறை சொல்லிவிட்டுப் படுத்தேன்.

நாலாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது. ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சங்கு வள்ளங்கள் கரையேறும் இடத்துக்குப் போனேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை. அவர் ஈரத் துண்டோடு சங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "வலி எனக்குத்தான், எனக்கும் ஆள் இல்ல, கூட வாரியளா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வள்ளத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கையைத் துடைத்து என் முகத்துக்கு நேராக விரித்தார். விரல்களில் நகம் பதிந்த தழும்பு வரிசையாக இருந்தது.

"வராம என்ன அண்ணாச்சி, வாரேன். கைய மட்டும் கேக்காதிய. பல்லு வலி அன்னிக்கே போயிட்டு. நீங்க பிடிச்ச பிடியில இந்த ரெண்டு விரலு இன்னும் மடங்க மாட்டேங்கு."