எழுத்து ஓடும் நேரம்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

நேற்று டிவியில் படம் தொடங்கியதும் மகன் பெயர்கள் வரும் பகுதியைத் தள்ளிவிட்டான். எனக்குச் சுருளிப்பட்டி டூரிங் கொட்டகை நினைவுக்கு வந்தது.

அம்மா ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பில் மலையிறங்க இருட்டிவிடும். அப்பாவும் நானும் முன்பே போய் மணலில் துண்டு விரித்து இடம்பிடிப்போம். அவள் வரும்வரை எழுத்து ஓட வேண்டுமே என்பதுதான் என் கவலை; படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வருவதை எழுத்து என்றுதான் சொல்வோம். ஆரம்பம் தவறினால் கதை பிடிபடாமல் தூங்கிவிடுவாள். பல படங்களில் கறுப்புத் திரையில் நாலு பெயர் வந்து சட்டென்று முடிந்துவிடும்.

ஒரு படத்தில் மட்டும் மலைப்பாதையில் பஸ் ஒன்று வளைந்து வளைந்து இறங்க, அதன்மேல் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பஸ்ஸில் வருவது யாரென்று கொட்டகையே காத்திருந்தது.

பச்சை ஏலக்காய் வாசத்தோடு அம்மா வந்து, "எழுத்து முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"பஸ்ஸு இன்னும் மலையே எறங்கல. ஒன் ஜீப்பு முந்திருச்சு, உக்காரு" என்றார் அப்பா.

அன்று அம்மா கடைசிவரை தூங்கவில்லை. எழுத்து நன்றாகப் போட்ட படம் எதுவென்றால் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

மகனிடம் படத்தை முதலிலிருந்து வைக்கச் சொன்னேன்.

"எதுக்குப்பா? வெறும் பேருதான?"

"ஒங்கம்மா இன்னும் அடுப்படியிலதானடா இருக்கா."

தை 12, ஞாயிறு.