கவுண்டருக்குக் கீழே இருந்த துவக்கு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இலண்டன் பிளேஸ்டோவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தேன். ஒரு நாள் ஒருவன் என் கழுத்தில் கத்தியை வைத்து, சிகரெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனான். விசாரிக்க வந்த பொலிஸ்காரர் புறப்படும்போது ஒன்று சொன்னார். உயிரைக் காக்கத் தேவையான அளவுக்குத் தடுக்கலாம். ஆனால் துவக்கைக் காட்டி வெருட்டினால், அது பொம்மையாக இருந்தாலும், வழக்கு உங்கள்மேல் வரக்கூடும். நான்தான் மொழிபெயர்த்தேன். முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அடுத்த கிழமையே ஒரு பொம்மைத் துவக்கை வாங்கிவந்து கவுண்டருக்குக் கீழே வைத்தார். கறுப்பு நிறம், நல்ல பாரம், பார்வைக்கு அசல் பிஸ்டலேதான்.

"அண்ணை, பொலிஸ் சொன்னது விளங்கேல்லையோ?" என்றேன்.

"கண்டறியாத சட்டம்! கத்தி வைச்சவனிட்டைப் போய்ச் சொல்லச் சொல்லு. நீ சும்மா எடுத்துக் காட்டு, ஓடுவாங்கள்."

அவருக்கென்ன, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தார். என் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவில்லாமல் கிடந்தது. ஒரு வழக்கு விழுந்தால் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். ஆனாலும் அந்தச் சனியனை எறியச் சொல்லி நான் அடம்பிடிக்கவில்லை. கழுத்து என்னுடையதல்லவா?

அதன்பிறகு நான் ஒருவரையும் நம்பவில்லை. பால் வாங்க வரும் வெள்ளைக்காரக் கிழவியின் கைப்பையைக்கூட உற்றுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து வந்தான். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்து, மூக்கை மறைத்து மஃப்ளர் சுற்றியிருந்தான். பால் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிற ஆட்களையும் என்னையும் பார்ப்பான். ஒன்றும் வாங்கமாட்டான். நோட்டம் பார்க்கிறான், வேறென்ன?

மூன்றாம் நாள் மத்தியானம் கடை வெறிச்சோடிப் போனதும் நேரே கவுண்டருக்கு வந்தான்.

"யார் நீ? என்ன வேணும்?" என்று ஆங்கிலத்தில் அதட்டினேன்.

திடுக்கிட்டு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கத்திதான் என்று முடிவுகட்டி, துவக்கை எடுத்து அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன்.

அவன் ஓடவில்லை. கையிலிருந்தது கீழே விழ, முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டான். அந்த இருப்பு எனக்குத் தெரியும். ஊரில் ஆமியின் சோதனைச்சாவடியில் நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

"சுடாதேங்கோ ஐயா! ஐசி இருக்கு. வேலை கேக்கத்தான் வந்தனான். ஆக்கள் போகட்டும் எண்டு நிண்டனான்."

"ஐயோ தம்பி, இது பொம்மை! எழும்பும்!"

எழும்பவில்லை. அவன் கண் தரையில் கிடந்த அடையாள அட்டையிலேயே இருந்தது. இலண்டனில் ஒரு சதத்துக்கும் உதவாத இலங்கை அட்டை. வேறு வழி தெரியாமல் குனிந்து எடுத்தேன். படத்தைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன், திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கைகளை இறக்கினான்.

"போகலாமோ, ஐயா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இரும், தேத்தண்ணி குடியும் என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம், போகலாம்" என்றேன்.

துவக்கைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அவன் முறைப்பாடு செய்தால் என் விண்ணப்பம் அன்றோடு சரி. ஆனால் பொலிசைக் கண்டாலே அவனுக்கு உதறும் என்பது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் அன்றைக்கு நித்திரை கொண்டேன்.