தறிக்குழியில் நின்று அளந்த தண்ணீர்

இதைப் படிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் நடுவில் பெயர் கேட்டால்கூட எனக்குக் குரல் எழும்பாது. பருவநிலை, கம்ப்யூட்டர் மாடல் இதெல்லாம் படித்தவர்கள் எழுத வேண்டியவை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் எங்கள் வீட்டுத் தண்ணீரும் போயிருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவில் இருக்கிறது. கணவர் வீட்டிலேயே பட்டு நெய்கிறார். தரையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. நான் பகலில் ஒரு பட்டுக் கடைக்குப் போகிறேன். வாங்க வருகிறவர்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடிப்பு மாறாமல் திரும்ப மடித்து அடுக்குவது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அது எனக்குப் பிடிக்கும்.

என்னோடு மடிக்கிறவள் ஓடைக்கரைக் காலனியிலிருந்து வருகிறாள். என்னைவிட இளையவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். போன மழையில் அவள் வீட்டில் தண்ணீர் புகுந்தது. நடக்க முடியாத மாமியாரைக் கட்டிலோடு தூக்கிச் செங்கல் மேல் வைத்தார்களாம்.

"கட்டிலு கப்பல் மாதிரி நின்னுக்கினு இருந்திச்சுக்கா. எங்க மாமியாருதான் கேப்டனு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வர்ற மழைக்குள்ள அந்தப் பக்கம் ஒரு கால்வா வெட்டிட்டா போதும். இன்னொரு தடவை அவங்க தாங்க மாட்டாங்க."

கோடையில் இரண்டு பெண்கள் தெருத்தெருவாக வந்தார்கள். இனி வரும் வருடங்களில் மழை எப்படி மாறும், எந்தத் தெரு மூழ்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, அதன்படி எங்கே முதலில் கால்வாய் வெட்டுவது என்று முடிவு செய்யப் போகிறார்களாம். அவர்கள் கையில் இருந்த டேப்லெட்டில் ஒரு மனிதன் நிற்கிற படம். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று அவன் மேல் கோடுகள்.

"போன மழையில தண்ணி எது வரைக்கும் வந்திச்சு? தொட்டுக் காட்டுங்க சார்."

கணவர் தறியில் உட்கார்ந்திருந்தார். போன மழையில் குழிக்குள் இறங்கி நின்று, மிதிபலகையை அவிழ்த்து, பாவு நூல் நனையாமல் தூக்கிக் கட்டியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். படத்து மனிதனின் இடுப்பைத் தொட்டார்.

எங்கள் தெருவில் மழைத் தண்ணீரை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். குழிக்குள் நின்று முழங்கால் என்றால் பயமில்லை. இடுப்பு என்றால் தறி நின்றுவிடும். ஆனால் குழியில் இடுப்பளவு என்பது தரைக்குச் சரியாக இருக்கும். தரையில் நிற்கிறவருக்குப் பாதம் நனையும், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு குழி இருப்பதால் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. அந்தப் பெண்களும் கேட்கவில்லை. படத்து மனிதனின் காலடியில் குழி இல்லை. நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மழைக்காலம் நெருங்கும்போது ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். திரையில் எங்கள் ஊர் வரைபடம். கோடையில் வந்த அந்த இருவரில் ஒருத்தி மைக்கைப் பிடித்தாள்.

"நம்ம மாதிரி நாடுகள்ல பழைய வெள்ளம் எவ்வளவுன்னு அளந்து வெச்சது ரொம்பக் கம்மி. மாடல் செய்யறது வெளிநாட்டுல. அதுக்கு உங்க தெரு தெரியாது. அதனால நீங்க சொன்னதை அதுல சேத்திருக்கோம். எங்க அதிகமா நிக்கும்னு அது சொல்லுதோ, அங்க முதல்ல வேலை."

எங்கள் தெரு கருநீலமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என் தொடையில் தட்டினாள்.

"பாத்தியா அண்ணி, நம்ம தெருதான் ஃபர்ஸ்ட்டு."

"முழுகறதுலயா?" என்றார் பின்னாலிருந்த அவள் கணவர்.

"எதுலயோ ஒண்ணு. நீ கம்முனு இரு."

பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து என் கடைத் தோழி எழுந்தாள். "எங்க காலனி மட்டும் இன்னாம்மா வெளுத்துப்போய் இருக்குது?"

"அது ரெண்டாவது கட்டம்க்கா. அடுத்த வருஷமோ, அதுக்கு அடுத்ததோ."

"எங்க மாமியாரு அதுவரைக்கும் வெயிட் பண்ணுவாங்களான்னு கேட்டு சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மைக் பிடித்த பெண் சிரிக்கவில்லை. மரியாதையாகவே பதில் சொன்னாள். "நீங்க சொன்னதைத் தள்ளலைக்கா. உங்க பக்கம் முழங்கால்னு சொல்லியிருக்காங்க. அந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு இடுப்புன்னு சொல்லியிருக்காங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் இடுப்பு குழிக்குள். அவர்கள் முழங்கால் தரைக்கு மேலே.

என் தோழி தலைகளுக்கு நடுவே என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். "அப்டியாக்கா? உங்க வூட்ல இடுப்பு வரைக்குமா? இத்தினி நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

அவள் முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை; இரக்கம். கணவர் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கை இன்னும் என் தொடை மேல் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாக்கா, உங்க வூட்டைப் பாத்துட்டுப் போறேன். பாவம், நீ எப்டித்தான் சமாளிச்சியோ."

இத்தனை வருடத்தில் அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதில்லை. ஒரே டப்பாவிலிருந்து குழம்பு எடுத்துச் சாப்பிட்டவளைத் தெருவுக்குள் ஏன் கூப்பிடவில்லை என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு அவள் வருவதைவிட, அவள் பார்க்கப்போவதுதான் பயமாக இருந்தது. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டு வந்தாள். மழை வந்தால் பட்டு நூலை மூட்டை கட்டித் தன் அண்ணன் வீட்டு மாடியில் வைக்கலாம் என்றாள். சொல்லிவிட அத்தனை தூரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள். அவள் வீட்டில் தண்ணீர் நின்ற கறை முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடாக இருக்கிறது, வெள்ளையடித்தும் போகவில்லை என்று சொல்லியிருக்கிறாள். இங்கே அந்தக் கோட்டைத் தேடினாள். சுவர் சுத்தமாக இருந்தது. தரையோடு ஒட்டி டிவி ஸ்டாண்டு, அரிசி டின். பிறகு அவள் கண் தறிக்குப் போய், குழிக்குள் இறங்கியது.

"இதுல நின்னுக்கினு சொன்னீங்களாக்கா?"

நான் ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டேன். பின்னாலேயே வந்த கணவர் சொன்னார். "நாங்க ஒண்ணும் பொய் சொல்லலம்மா. வேணும்னா எறங்கி நின்னு பாரு. இடுப்புதான்."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேலியாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் தேவலை. நான் நீட்டிய தண்ணீரை வாங்கி, குடிக்காமல், அரிசி டின் மேல் வைத்தாள். "மாமியாரு தனியா இருக்காங்க. வரேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"மைக் பிடிச்ச அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு சொல்லிடலாங்க" என்றேன்.

"தெருவுக்கே வந்த கால்வாய நீ போய் நிறுத்துவியா? அப்புறம் இந்தத் தெருவுல தலய காட்ட முடியுமா நமக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் அந்தத் தம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட்டது என்று இப்போது காலனியில் பேசிக்கொள்கிறார்களாம். அது கணக்கைச் சரியாகத்தான் போட்டது. எங்கள் தெரு கொடுத்ததை வைத்துப் போட்டது. நான் தலையாட்டியது அதற்கெல்லாம் பிறகு.

கூட்டத்துக்கு மறுநாள் காலை கணவருக்குத் தெரியாமல் மைக் பிடித்த அந்தப் பெண்ணுக்கு போன் செய்து குழியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை வீட்டில் அப்படிக் குழி இருக்கிறது என்று அவள் கேட்டாள். பிறகு, தெரு முழுக்க மறுபடி அளந்து மாடலைத் திரும்ப ஓட்ட வேண்டும், மழைக்குள் முடியுமா என்று தெரியாது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் கடைக்குக் கிளம்பும்போது ஆட்கள் வந்து எங்கள் வாசலில் கால்வாய்க்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.