தையல்காரி செசிலியின் பொறாமை

செசிலி பொறாமைக்காரி என்பது லுணுகலைக் கடைவீதிக்கே தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதுளையில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகியவள். அறுபத்தொன்பதில் லுணுகலைக்கு வந்து, ஜுனைதீன் நாநாவின் புடவைக் கடைக்குப் பக்கத்து அறையில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டவர்களுக்கு, அளவு சரிவரவில்லை என்று பதில் சொல்வாள்.

ஜுனைதீனின் மனைவி ஸவாஹிரா அவளைவிடச் சில வயது மூத்தவள். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை ‘நாநா’ என்றும் அக்காவைத் ‘தாத்தா’ என்றும் கூப்பிடுவதுபோல, செசிலியும் அவளைத் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஸவாஹிரா பின்கதவால் வருவாள். அட்டையில் கட்டம் கீறி, கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டைப் பொத்தான்களை அடுக்கி இருவரும் டாம் விளையாடுவார்கள். பெரும்பாலும் செசிலிதான் ஜெயிப்பாள். தோற்ற ஸவாஹிரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல வந்து நிற்பாள். அந்த நேரத்தில் மட்டும் செசிலிக்கு உலகத்தில் யார்மேலும் பொறாமை இருக்காது.

எழுபத்தேழு தேர்தலில் கட்சிக்காரர்கள் அவளிடம் கொடி தைக்கக் கொடுத்தார்கள். பச்சைக் கொடியும் அவள் தைத்தாள், நீலக் கொடியும் அவள் தைத்தாள். அவள் தைத்த பச்சைக் கொடிகளோடு ஒரு நாள் வேட்பாளர் ஒருவர் கடைவீதியில் வந்தார். ஜுனைதீனின் கடைப்படியில் நின்று கும்பிட்டார். பிறகு பக்கத்து வாசலில் நின்ற செசிலியைப் பார்த்துக் கும்பிடக் கையை எடுத்தார். கூட வந்தவன் அவர் காதில் ஏதோ சொன்னான். எடுத்த கை அப்படியே இறங்கிவிட்டது. ஊர்வலம் அவள் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அவன் என்ன சொல்லியிருப்பான் என்று செசிலிக்குத் தெரியும். தோட்டத்துக்காரி, ஓட்டில்லை. இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்த அவள் அப்பா, பதில் வராமலே செத்துப்போனார். அவருடைய முன்னோர் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள்; அவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவளும் கண்டதில்லை. ஆனாலும் சட்டத்தின்படி அவள் இந்த நாட்டுக்காரியும் இல்லை, அந்த நாட்டுக்காரியும் இல்லை.

ஓட்டுப் போடும் நாளில், செசிலி தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஸவாஹிரா புருஷனோடு போனாள். திரும்பி வந்தவளை அன்று பிற்பகல் டாமில் செசிலி ஈவிரக்கமில்லாமல் அடித்தாள். ஒரு காய்கூட மிச்சம் வைக்கவில்லை.

எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளை எரிந்தபோது, செசிலியைப் பின்னறையில் ஒளித்து வைத்துப் பூட்டி, தன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுத்தவளும் ஸவாஹிராதான். அதற்குப் பிறகு பொறாமைப்படுவது செசிலிக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்படியும் அது போகவில்லை.

அடுத்த வருஷம் ஸவாஹிராவின் தம்பி ஸரூக் சவூதியிலிருந்து லீவில் வந்தான். அக்காவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தான். கண்ணாடிக்குள்ளே குரங்கு தேங்காய் எறியும். கீழே ஒருவன் கூடையோடு ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். இரண்டே இரண்டு பொத்தான். பிடித்தால் ‘டிக்’ என்றது, விட்டால் ‘பீப்’ என்றது.

ஸவாஹிரா பின்கதவால் வருவது குறைந்தது. வந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

“டாம் போடுவோமா தாத்தா?”

“இரு, இது முடியட்டும்.”

அது முடியவே முடியாது. செசிலிக்கு மெஷின் சத்தத்தையும் மீறி அந்த டிக் டிக் காதில் விழுந்துகொண்டிருந்தது.

“இதெல்லாம் ஒரு வெளையாட்டாங்க?” என்றாள் ஒரு நாள். “ஜெயிச்சா எதிர்ல ஒரு மொகம் சுருங்கணும். தோத்தா நம்ம மொகம் சுருங்கணும். அந்தக் கொரங்குக்கு நீங்க ஜெயிச்சதும் தெரியாது, தோத்ததும் தெரியாது.”

“அதுதான் நல்லம்,” என்றாள் ஸவாஹிரா, கண்ணை எடுக்காமல். “அது என்னையப் பார்த்துச் சிரிக்கிற இல்ல.”

ஒரு காலை ஸவாஹிரா உறவினர் வீட்டுக்குப் பண்டாரவளை போனாள். வீட்டில் வைத்தால் பேரப்பிள்ளைகள் உடைத்துவிடும் என்று கேமைச் செசிலியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். செசிலி அதை மேசை லாச்சியில் போட்டுச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் எடுத்தாள். ஒரு தடவை என்று தொடங்கியவள், ஒரு மணப்பெண்ணின் சட்டை கை வைத்துத் தைக்காமல் மெஷினில் கிடக்க, பகல் முழுக்கத் தேங்காய் பிடித்தாள். ஸவாஹிரா பெருமையடித்துக்கொண்டிருந்த எண்ணிக்கையையும் தாண்டிவிட்டாள். தாண்டியதைப் பார்த்துச் சுருங்க எதிரில் ஒரு முகம் இல்லை. அந்த ஆத்திரத்தில் மறுபடி மறுபடி அழுத்தினாள். சாயந்தரம் கண்ணாடி மங்கி, குரங்கு மறைந்துபோனது. பற்றரி செத்துவிட்டது. அந்தச் சின்னப் பற்றரி லுணுகலையில் கிடைக்காது, பதுளையிலும் கிடைக்காது. அது தெரிந்துதான் நிறுத்தாமல் விளையாடினாள்.

மறுநாள் ஸவாஹிரா பொத்தானை அழுத்திப் பார்த்தாள்.

“வேணுமெண்டுதானே செஞ்ச?”

“ஆமாங்க.”

“நீ எப்பவும் என்னைப் பார்த்து எரியிற. ஓட்டுப் போடப் போன நாளும் வாசல்ல நிண்டு பார்த்த. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா?”

“எரிஞ்சிச்சுதான். கொடி தச்சவ நானு. நீங்க போறீங்க, நான் நிக்கிறேன். எரியாதா?”

ஸவாஹிரா நாற்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு ஓட்டு இருந்து என்ன புள்ள? அவர் சொல்ற இடத்துல புள்ளடி போட்டுட்டு வாறன். ‘உனக்கு யாரைப் பிடிக்கும்’ எண்டு இதுவரைக்கும் ஒருத்தர் என்கிட்டக் கேட்டதில்ல.”

“சொல்ற எடத்துல போடவாவது ஒங்கள ஒரு ஆளா மதிச்சுக் கூட்டிட்டுப் போறாங்களே,” என்றாள் செசிலி. “எனக்கு அதுவும் இல்லீங்க.”

ஸவாஹிரா எழுந்து பின்கதவால் போனாள். அன்றைக்கு டாம் விளையாடவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தாள், வெறுங்கையோடு.

எண்பத்தெட்டில், நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது; செசிலிக்கும் ஓட்டுக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மாசியில் தேர்தல். ஓட்டுப் போடுகிறவர்களைச் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரர்கள் மதில்களில் எழுதியிருந்தார்கள். ஓட்டு நாளன்று ஜுனைதீன் கடையைப் பூட்டிக்கொண்டு, வீட்டில் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். செசிலி பயந்தாள். ஆனாலும் காலையில் குளித்து, கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு இறங்கினாள்.

தபால் கந்தோர் வளைவில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் ஸவாஹிரா, முக்காட்டை இழுத்துவிட்டபடி, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள்.

“நாநா?”

“குளிக்கிறார். நட.”

வரிசையில் ஆட்கள் குறைவு. செசிலி தன் புள்ளடியைப் போட்டாள். கட்டத்துக்கு வெளியே போய்விட்டதோ என்று மறுபடி மறுபடி பார்த்தாள். வெளியே வந்தபோது, இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு இவ்வளவுதானா என்றுகூட இருந்தது.

ஸவாஹிரா பின்னாலேயே வந்தாள். வாய் நிறையச் சிரிப்பு.

“யாருக்குங்க போட்டீங்க?”

“அவருக்கும் சொல்ல மாட்டன், உனக்கும் சொல்ல மாட்டன்.”

ஸவாஹிரா சின்னப் பெண்போல முன்னால் வேகமாக நடந்தாள். அவள் முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் தன் முகத்தில் இருந்திருக்க வேண்டும் என்று செசிலிக்குத் தோன்றியது. இது தன்னுடைய நாள். இதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்று எரிந்தது. எரிந்துகொண்டே, எட்டி நடந்து அவளைப் பிடித்தாள்.