டின்னுக்குள் கத்திய தவளை

இன்று காலை ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், என் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின்.

பாதி வழியில் டின் கத்தியது.

பஸ் அரசாங்கத்துடையதான பிறகு கண்டக்டருக்குச் சட்டம் அதிகம். "டீச்சரம்மா, உள்ள என்னாங்க?"

"தவளைங்க. நுவரெலியாவுல நான் படிக்கிற சனிக்கிழம வகுப்புல இன்னைக்கி அறுத்துப் பாக்கணும். ஆளுக்கொண்ணு கொண்டாரச் சொன்னாங்க."

"நீங்கதான் பி.ஏ. முடிச்சிட்டீங்களே!"

"அது சரித்திரம்ங்க. டாக்டருக்குப் படிக்கணும்னா விஞ்ஞானத்த மொதல்லேருந்து படிக்கணும்."

டீச்சர் சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடும். வகுப்புக்கு எப்படிப் பணம் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடை மாட்டிக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறாராம். அன்றைக்கே எடை போட்டு, அன்றைக்கே காசு.

முன் சீட்டிலிருந்த கோட்டுக்காரர் திரும்பினார். "பட்டதாரிக்கு வெக்கமா இல்லீங்களா?"

"இருக்குங்க. எங்கிட்ட படிக்கிற புள்ளைங்களோட அம்மாமாரு எடுக்கிறதுல பாதிகூட எனக்கு வரலியே!"

கோட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண், "அடுத்த வாரமும் தவளை வேணுமா டீச்சர்? எங்க தண்ணிப் பீலிக்கரையில நெறைய கெடக்கு" என்றார்.

நுவரெலியா வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தவளை தர ஒப்புக்கொண்டுவிட்டார்கள், கண்டக்டர் உட்பட.

உணர்ச்சிவசப்பட்டு நானும் ஒன்று தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். தவளை பிடிக்கத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். டாக்டரம்மாவைக் காக்க வைக்க முடியாது.