ஸ்ரிக்கர் உரித்த கரவன்

லண்டனில் மிச்சம் என்கிற ஊர்ப் பக்கத்துத் தமிழாட்களில் யாரைக் கேட்டாலும், என் மனிசன் பாலேந்திராவைத் தங்கமான ஆள் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர், ஒருவரோடும் வாய்த்தர்க்கம் செய்ததில்லை. உண்மைதான். ஆனால் அது நல்ல குணம் இல்லை, பயம். முப்பது வருடம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்ட எனக்குத் தெரியாதா? கடையில் ஆறிப்போன தோசையைக் கொண்டுவந்து வைத்தாலும் தின்று முடித்து நன்றி சொல்லிவிட்டு வருவார். அரசாங்கத்தின் பழுப்பு நிறக் கடித உறை வந்தால் தொடவே மாட்டார். நான்தான் உடைக்க வேண்டும்.

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் கொடுத்தபோது, எழுதிய ஆள் ஒரு தேதியைப் பிழையாக எழுதிவிட்டான். இவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு பொய்யன் என்றார்கள். ஒன்பது வருடம் இழுபட்டார். அன்றிலிருந்து கையெழுத்து என்றாலே மனிசனுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

போன வருடம் நெஞ்சு வருத்தம் வந்து வேலையை விட்டபின், இந்த நாட்டுக் கடற்கரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. சேர்த்து வைத்திருந்ததைப் போட்டுப் புத்தம்புதுக் கரவன் ஒன்று வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு அது. அடுப்பு, கட்டில், குளிருக்குச் சூடு தருகிற காஸ் ஹீற்றர் எல்லாம் உள்ளே இருந்தன. பின் கண்ணாடியிலும் கதவுக்குப் பக்கத்திலும் முன்பக்கத்திலும் விற்ற கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்ட பெரிய ஸ்ரிக்கர்கள். ஆனி கடைசி நாள் அது எங்கள் முற்றத்துக்கு வந்தது. மறுநாள் ஆடி பிறந்தது. ஆடியில் புதுச் சாமானில் யாராவது கைவைப்பார்களா? மூடிக் கட்டிவிட்டு ஆவணி வரும்வரை பார்த்திருந்தோம்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து உள்ளே பால் காய்ச்சப் போனோம். மழை, குளிர். இவர் கதவைச் சாத்திவிட்டு ஹீற்றரைப் போட்டார். நான் கற்பூரம் கொளுத்திவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த அலாரம் கத்தத் தொடங்கியது.

"கற்பூரப் புகைக்குக் கத்துது, வேற ஒண்டுமில்லை," என்று சொல்லி அதன் பற்றரியைக் கழற்றினார்.

அது புகைக்கான அலாரமே இல்லை. காஸ் சரியாக எரியாமல் போனால் வருகிற, மணமும் நிறமும் இல்லாத நச்சுக் காற்றுக்கானது. எங்களுக்கு அது எங்கே தெரியும்? தலை இடித்தது, கால் சோர்ந்தது, பால் பொங்கியதை நான் பார்க்கவில்லை. கண் விழித்தபோது வெளியே ஈரக் கொங்கிறீற்றில் கிடந்தேன். இவர் என் கன்னத்தில் தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில், இன்னும் கால் மணித்தியாலம் உள்ளே இருந்திருந்தால் இரண்டு பேரும் தப்பியிருக்க மாட்டீர்கள் என்று டொக்டர் சொன்னாள்.

கடைக்கு நான் தொலைபேசி எடுத்தேன். முப்பது நாளுக்குள் சொல்லியிருந்தால் கேள்வி இல்லாமல் திருப்பி எடுத்திருப்போம், இப்போது திருத்தித்தான் தரலாம் என்றார்கள். ஆடி முடியவே முப்பது நாளும் போய்விட்டதே! கடையிலிருந்து ஓர் ஆள் வந்து கட்டிலுக்குக் கீழே இருந்த ஹீற்றரைக் குடைந்துவிட்டு, எல்லாம் சரி என்று போனான். கதவை விரியத் திறந்து, பற்றரியையும் போட்டு, ஹீற்றரை எரியவிட்டு வெளியே நின்று பார்த்தோம். பத்து நிமிடத்தில் மறுபடியும் அலாரம் கத்தியது.

இலவசமாக ஆலோசனை சொல்கிற இடத்தில் கேட்டேன். திருத்தியும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கடிதம் எழுதுங்கள் என்றார்கள். கடிதத்தை எழுதி வைத்தேன். கரவன் அவர் பெயரில், ஆகவே கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும்.

"ஒரு கையெழுத்துத்தானே, வையுங்கோவன்! உங்களைப் பிடிச்சுச் சிறையிலயோ போடப் போறாங்கள்?" என்று கத்தினேன்.

"உமக்கு விளங்காது சுவர்ணா. நீங்கள்தான் உடைச்சனீங்கள், பொய் சொல்லுறியள் எண்டு எங்களுக்கே கேஸ் போடுவாங்கள். இன்னொருக்கா என்னால ஏலாது."

கடிதம் மேசையில் இரண்டு கிழமை கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் முற்றத்தில் சுரண்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இவர் பழைய வங்கி அட்டை ஒன்றால் பின் கண்ணாடி ஸ்ரிக்கரை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"விக்கப் போறன். ரெய்னர்ஸ் லேனில இருக்கிற ஒரு பெடியன் கேட்டவன். தமிழாக்கள்தான்."

"அதுக்கு ஏன் ஸ்ரிக்கரை உரிக்கிறியள்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்பரைப் பாத்துக் கடைக்கு அடிச்சுக் கேட்டாங்கள் எண்டால்?"

"ஹீற்றரைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

"வரேக்கை சொல்லுவன். கட்டாயம் சொல்லுவன், பயப்பிடாதையும். இப்ப உந்த ஹெயர் டிரையரைக் கொஞ்சம் கொண்டு வாரும், பசை விடுகுதில்லை."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தது மட்டுமா, சூடு காட்டிப் பிடித்துக்கொண்டும் நின்றேன். மிச்சம் கிடந்த பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் நான்தான். அந்தப் பெட்டியை முற்றத்தில் பார்க்கிற ஒவ்வொரு காலையும் ஈரக் கொங்கிறீற்று என் முதுகில் குளிரும். எப்படியாவது போய்த் தொலைந்தால் காணும் என்றிருந்தது. இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மத்தியானத்துக்குள் மூன்று ஸ்ரிக்கரும் போய், எங்கே வாங்கியது என்று யாருக்கும் தெரியாத வெள்ளைக் கரவன் ஒன்று நின்றது.

மறுநாள் பின்னேரம் யனுஷன் வந்தான். சின்னப் பெடியன், முப்பதுகூட இருக்காது. கூடவே அவன் பெண்சாதி ஜதுர்ஷிகா. அவள் கையில் எட்டு மாதக் குழந்தை. குழந்தை வரும் என்று இவர் எனக்குச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது போல, கண்டவுடன் முகம் சாம்பல் பூத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் கரவனுக்குள் ஏறினார்கள். நான் தேத்தண்ணி ஊற்ற வீட்டுக்குள் போனேன். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

குசினி யன்னலால் பார்த்தபோது இவரும் யனுஷனும் குடை பிடித்துக்கொண்டு காரில் கொழுவுகிற பக்கத்தில் குனிந்து நின்றார்கள். கரவனின் கதவு சாத்தியிருந்தது. பிள்ளைக்காரி உள்ளே இருக்கிறாள், மழைக்குச் சாத்தியிருப்பாள் என்று நினைத்தேன். தேத்தண்ணித் தட்டோடு போய்க் கதவைத் திறந்தேன்.

இளஞ்சூடு முகத்தில் அடித்தது.

ஜதுர்ஷிகா சிரித்தாள். "அன்ரி, நல்ல சூடு! பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டு ஹீற்றரைப் போட்டுக் காட்டச் சொன்னனான். அங்கிள் உடனே போட்டுவிட்டவர். பாருங்கோ, பால் குடிச்சபடியே நித்திரையாப் போனாள்."

குழந்தை கட்டிலில் கிடந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அலாரம் இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. இவர் அதையும் கழற்றியிருக்கிறார்.

"எவ்வளவு நேரமாப் போட்டது?" என்று கேட்டேன்.

"பத்துப் பன்ரெண்டு நிமிசம் இருக்கும். ஏன் அன்ரி? எனக்கும் கண்ணைச் சுத்திக்கொண்டு வருது, நித்திரை காணாது போல..."

ஐயோ! தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. குழந்தையை வாரி எடுத்தேன், மற்றக் கையால் அவளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வெளியில வா! வா பிள்ளை, வெளியில வா!" அவள் படியில் தடுக்கி முழங்கால் அடிபட விழுந்தாள். குழந்தை என் தோளில் துவண்டு கிடந்தது. அழவில்லை. மழைத்தண்ணி முகத்தில் பட்டும் அழவில்லை. நான் குலுக்கினேன், முதுகில் தட்டினேன், பிள்ளையாரே பிள்ளையாரே என்று கூவினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, என் உயிர் என்னிடம் இல்லை. திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுதது.

யனுஷன் ஓடிவந்து குழந்தையைப் பறித்தான். "வாட் ஹப்பெண்ட் அன்ரி? என்ன நடந்தது?"

"ஹீற்றர் பழுது," என்றேன். "நச்சுக் காற்று வாறது. என்னை ஒருக்கா விழுத்தினது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முதலில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு தம்பி."

அவன் ஓடிப்போய்க் காரைத் திறந்தான். ஜதுர்ஷிகா போகவில்லை. முழங்காலில் இரத்தம் வழிய, மழையில் நனைந்தபடி என் மனிசனுக்கு முன்னால் போய் நின்றாள். குடை நிலத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவர் கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"அங்கிள், பிள்ளையைக் கண்டும்தானே போட்டனீங்கள்?"

"போடாட்டி ஏன் எண்டு கேப்பியள்... நான்... கொஞ்ச நேரத்தில நிப்பாட்டுவம் எண்டு..."

"அன்ரி இப்ப வந்து கதவைத் திறக்காட்டி, இதை எங்களுக்கு வித்திருப்பீங்கள். என்ன?"

நான் அவர் வாயைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லட்டும் என்று கெஞ்சினேன், மனதுக்குள். பொய் என்றாலும் பரவாயில்லை.

"ஓம் பிள்ளை," என்றார் பாலேந்திரா. "வித்திருப்பன்."

ஜதுர்ஷிகாவும் ஏறிக் கார் வீதி மூலை திரும்பிப் போனபின்னும் நாங்கள் இருவரும் மழையில் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.